திரும்பி மலையேறிய பூண்டு மூட்டை

கோடை முழுவதும் சொந்தக்காரர்களையும் பழைய நண்பர்களையும் பார்த்துவிட்டு நகரத்துக்குத் திரும்புகிறவர்கள், பொதுவாகக் கொஞ்சம் எடையும் கொஞ்சம் மனத்தாங்கலும் கூடித் திரும்புவார்கள். நானும் என் மனைவி வசந்தாவும் ஒரு மூட்டைப் பூண்டுடன் புறப்பட்டோம்.

மூட்டை ஏறிய இடம் கவுஞ்சி. எங்கள் சம்பந்தி ஊர். கொடைக்கானலுக்கு வந்ததும் மலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறவர்கள், அதற்கு மேலும் இரண்டு மணி நேரம் பேருந்தில் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் அங்கே போய்ச் சேரலாம். எங்கள் மகள் நித்யா அந்த ஊர் கார்த்திக்கைத் திருமணம் செய்துகொண்டு ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். இந்தக் கோடைக்குப் பேத்தியுடன் வந்தார்கள். பேத்தியைச் சென்னையில் வைத்துக் கொஞ்சலாம் என்றுதான் நான் யோசனை சொன்னேன். சென்னையின் மே மாதம் அதை நிராகரித்தது. ஆகவே இரண்டு குடும்பமும் கவுஞ்சியில் கூடின.

அதற்கு முன்னால் வட்டக்கானலில் என் பழைய அலுவலக நண்பர்களின் கூடுகை ஒன்று இருந்தது. வெளிநாட்டு இளைஞர்கள் முதுகில் பையுடன் வந்து தங்கும் விடுதியில், முதுகில் பெல்ட் போட்டுக்கொண்டு நாங்கள் தங்கினோம். காலை உணவுக்குக் கொண்டைக்கடலையை மசித்து எண்ணெய் ஊற்றி, வட்ட ரொட்டியுடன் கொடுத்தார்கள். எங்களில் ஒருவர் அதற்குச் சாம்பார் கேட்டார். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் மாத்திரை டப்பாவைத் திறந்தோம். பக்கத்து மேசையில் இருந்த பெண் தன் தோழியிடம் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்: இவர்கள் எல்லாரும் ஒரே ஆஸ்பத்திரியிலிருந்தா சுற்றுலா வந்திருக்கிறார்கள்? ஏறக்குறைய சரியான ஊகம்தான்.

நான் தலைமைச் செயலகத்தில் சார்புச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மனுவை யாருக்கு, என்னென்ன இணைப்புகளுடன், யார் வழியாக அனுப்ப வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதுவரை யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. எனக்குத் தெரியாத நடைமுறை ஒன்று இன்னும் மிச்சம் இருந்தது என்பது இந்தப் பயணத்தில்தான் தெரிந்தது. அது, சம்பந்தி வீட்டில் ஒரு பொருளைப் பாராட்டும் நடைமுறை.

மகளும் மருமகனும் பேத்தியும் விமானம் ஏறிய பிறகு நாங்கள் இன்னும் சில நாட்கள் கவுஞ்சியில் இருந்தோம். புறப்படுவதற்கு முந்தைய மாலை, சம்பந்தி வேலுச்சாமி தன் இளைய மகனின் வீட்டுக்கு அழைத்துப் போனார். அதே வளாகத்தில் தனி அடுப்பு வைத்து, மகன் சிவாவும் அவன் மனைவி முத்துலட்சுமியும் குடியிருக்கிறார்கள். விறகு அடுப்புக்கு மேலே மூங்கில் கழியில் பூண்டைத் தாளோடு பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். புகை ஏறிப் பழுப்பு நிறத்தில், ஒரே அளவில், வரிசை அத்தனை நேர்த்தியாக இருந்தது. காப்பியைக் குடித்துவிட்டு நான் மனதாரச் சொன்னேன். பூண்டென்றால் இதுதான் பூண்டு, எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று. ஒரு விநாடி யாரும் பேசவில்லை. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அந்த வரிசை முழுவதும் ஒரு சாக்குமூட்டையாக எங்கள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றது. எவ்வளவோ மறுத்தும் வேலுச்சாமி கேட்கவில்லை. முத்துலட்சுமிதான் சாக்கின் வாயைக் கட்டினாள். முடிச்சைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை. கூச்ச சுபாவம் என்று நினைத்தேன்.

பேருந்து நடத்துநர் மூட்டையைப் பார்த்து முகம் சுளித்தார். பயணச் சுமை விதியை நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். பயணி தன்னுடன் எவ்வளவு கொண்டுபோகலாம், அதற்கு மேல் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம்.

"ரூலு எனக்கும் தெரியும் சார். மூடைய எங்க வைக்க? அதச் சொல்லுங்க."

விதியில் அது இல்லை. கடைசி இருக்கையில் இரண்டு பேர் நகர்ந்து இடம் கொடுக்க, மூட்டை மூன்றாவது ஆளாக உட்கார்ந்து வந்தது. மூடுபனிக்குள் பேருந்து இறங்கியது. படிக்கட்டு வயல்களில் கேரட்டும் பீன்ஸும் நனைந்து நின்றன. சென்னையில் பேருந்தில் இவ்வளவு பெரிய மூட்டையை ஏற்றினால், இறங்குவதற்குள் நமக்கு நம் பரம்பரையே நினைவூட்டப்பட்டிருக்கும். இங்கே பக்கத்து இருக்கைக்காரர் அதன் மீது கையை ஊன்றித் தூங்கினார்.

கொடைக்கானலில் அன்று இரவு ஒரு லாட்ஜில் தங்கினோம். வெளியே ஏரியைச் சுற்றிக் குதிரைகளும் சைக்கிள்களும், சோளம் சுடும் வண்டிகளும், வெந்நீருக்காக விடுதி ஊழியர்களுடன் தகராறு செய்யும் குடும்பங்களும். கோடைக் கூட்டம் இன்னும் வடியவில்லை. இரவுச் சாப்பாடு முடித்து வந்தபோது வரவேற்பறை இளைஞர் காத்திருந்தார்.

"சார், ஸாரி சார். உங்க ரூம்ல இருந்து ஸ்மெல் வருதுன்னு நெக்ஸ்ட் ரூம் கெஸ்ட் கம்ப்ளெயிண்ட் பண்றாங்க. லக்கேஜைக் கொஞ்சம் பால்கனில வச்சுக்கலாமா?"

வைத்தோம். காலையில் ஒரு குரங்கு சாக்கின் மூலையைக் கிழித்து, ஒரு பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, எங்களை நோக்கி மிகுந்த வருத்தத்துடன் உட்கார்ந்திருந்தது. வசந்தா கிழிசலைத் தைத்தாள்.

பழனிக்கு இறங்கும் சாலையில், பெருமாள்மலையைத் தாண்டியதும், சுற்றுலா வேன் ஒன்று பிரேக் சூடேறிக் குறுக்கே நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினோம். ஓரத்தில் ஒரு பெண்மணி தேநீர்க் கடை வைத்திருந்தார். "தேத்தண்ணி ஊத்தவாங்க ஐயா?" என்று அவர் கேட்ட விதத்திலேயே பூர்வீகம் தெரிந்தது. அவருடைய அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்துடன் கப்பலில் வந்து இறங்கியவர். மலை என்றதும் இங்கேயும் தேயிலைதான் கிள்ள வேண்டியிருக்கும் என்று நம்பி வந்து, காப்பிச் செடியையும் வாழையையும் பார்த்துத் திகைத்துப்போனாராம். பெண்மணி இஞ்சி தட்டிப் போட்ட தேநீர், சென்னையில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் தேநீர் என்ற பெயரில் தரும் சர்க்கரைக் கரைசலுக்கு நேர் எதிரானது. இரண்டாவது கோப்பையும் குடித்தேன். வேன் ஆறுவதற்குள் நாங்கள் சூடாகியிருந்தோம்.

பழனியில் வெயில் எங்களைத் தயாராக நின்று வரவேற்றது. மறுநாள் சாயங்காலம் ரயில். காலையில் தரிசனம், மாலையில் பயணம் என்பது திட்டம். அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தபோது வசந்தாவின் தொலைபேசி அடித்தது. முத்துலட்சுமி. மின்விசிறிச் சத்தத்தில் சரியாகக் கேட்காததால் வசந்தா ஸ்பீக்கரில் போட்டாள்.

"பெரியம்மா, ஒரு சோலியாத்தான் கூப்பிட்டேன். கோவிச்சுக்கிறாதீங்க. அந்தப் பூண்ட உரிச்சுட்டீங்களா?"

இல்லை என்றாள் வசந்தா.

"உரிச்சிறாதீங்க. அது வெதப் பூண்டு."

பிறகு அவள் மூச்சு விடாமல் சொன்னதன் சுருக்கம் இது. மேல்காட்டில் ஒரு வயலை, இனிமேல் நீங்களே வெள்ளாமை செய்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வேலுச்சாமி இந்த வருடம்தான் இளைய மகனுக்கு விட்டிருக்கிறார். அவர்களுக்கென்று சொந்தமாக வரப்போகும் முதல் வெள்ளாமை. அதற்காகப் போன அறுவடையில் குவியல் குவியலாகப் புரட்டி, நல்ல பூண்டாகப் பொறுக்கி, தன் அடுப்புக்கு மேலே கட்டிப் புகை காட்டி அவள் காப்பாற்றி வைத்திருந்த விதைதான் எங்கள் மூட்டையில் இருந்தது. ஊரில் மற்றவர்களிடம் அவரவர் காட்டுக்குத் தேவையானது மட்டுமே இருக்கிறது. கீழே சந்தையில் விற்கும் பூண்டு அந்த மண்ணில் சரியாக வராது. மழை விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஊன்றியாக வேண்டும். ஈரம் போய்விட்டால் இந்தப் போகம் காடு சும்மா கிடக்க வேண்டியதுதான். சிவா அப்பாவுடன் பேசுவதை நிறுத்திவிட்டான்.

"அப்புறம் ஏம்மா குடுத்தீங்க?" என்று வசந்தா கேட்டாள்.

"மாமாதான் எடுத்துக் கட்டச் சொன்னாரு. சம்மந்தி வாய் தொறந்து கேட்டதை இல்லைன்னு சொன்னா வீட்டுக்கே அசிங்கம்னுட்டாரு."

நான் குறுக்கிட்டேன். எதையும் நான் கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்பினேன்.

"நல்லா இருக்குன்னு சொன்னீங்கல்ல பெரியப்பா. எங்க பக்கம் அப்படித்தான் கேப்பாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் போன் பண்ணினேன்னு மாமாவுக்குத் தெரிஞ்சா என்னையத் தொலைச்சுப்புடுவாரு. நீங்களா ஏதாச்சும் செய்ங்க." வைத்துவிட்டாள்.

நானும் வசந்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடந்த சில வாரங்களின் நிகழ்ச்சிகள் புதிய வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கம்பளி நல்ல கனம் என்று நான் சொன்ன மறுநாள் அது எங்கள் பெட்டிக்குள் இருந்தது. தோட்டத்தில் ப்ளம்ஸ் மரம் காய்த்திருக்கும் அழகைச் சொன்னேன். மாலைக்குள் மரம் காலியாகிக் கூடை நிறைந்தது. முற்றத்தில் திரிந்த சேவலின் கம்பீரத்தைப் பற்றி ஒரு நாள் காலை விரிவாகவே பேசினேன். மதியம் அது குழம்பில் வந்தது. அன்று அதைத் தற்செயல் என்று நினைத்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அலுவலகத்தில் பாராட்டுக்கு எந்தச் செலவும் கிடையாது. அதனாலேயே தாராளமாகப் பழகிவிட்டேன்.

இனி தீர்வு. மூன்று மாற்று வழிகளை வசந்தாவின் பரிசீலனைக்கு வைத்தேன். ஒன்று, மருத்துவர் பூண்டு சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டதாகக் கூறிப் பேருந்துப் பார்சலில் அனுப்புவது. "தினமும் பூண்டுக் குழம்பு ரெண்டாம் தரம் கேட்டு ஊத்திக்கிட்டீங்களே, அவங்க பார்க்கலையா?" என்றாள். இரண்டு, ரயிலில் மூட்டை ஏற்ற விதி இடம் தரவில்லை என்று சொல்வது. வேலுச்சாமி வேன் பிடித்துச் சென்னைக்கே கொண்டுவந்து இறக்குவார் என்றாள். மூன்று, கொடைக்கானலில் மறந்து வைத்துவிட்டு வந்ததாகத் தகவல் கொடுப்பது. மூட்டையை எடுத்துக்கொண்டு அவர் ரயிலுக்கு முன்னால் பழனி வந்து நிற்பார் என்றாள். மூன்றுமே நிராகரிக்கப்பட்டன. கொடுத்த பொருளை நாங்கள் திருப்பிக் கொடுத்தால், எந்த மானத்துக்காக வேலுச்சாமி கொடுத்தாரோ அந்த மானமே போய்விடும்.

வசந்தா பஞ்சாமிர்த டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். "குடுத்ததைத் திருப்பிக் குடுத்தாத்தானே தப்பு? நாம ஒண்ணு கேட்டா அவரால மறுக்க முடியாது இல்ல? அப்ப கேட்போம்."

என்ன கேட்பது என்று கேட்டேன். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றாள். ரயில் டிக்கெட்டை ரத்து செய்யும் பணி மட்டும் எனக்கு ஒதுக்கப்பட்டது. அதில் எனக்கு நிகர் யாரும் இல்லை.

மறுநாள் வெள்ளனே முருகனைப் பார்த்துவிட்டு, மூட்டையுடன் மறுபடியும் மலை ஏறினோம். நுழைவுச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கப் பேருந்துக்குள் ஏறியவர் சாக்கைத் தட்டிப் பார்த்தார். உள்ளே என்ன என்றார். பூண்டு என்றேன்.

"பூண்டா? எங்க கொண்டு போறீங்க?"

கவுஞ்சிக்கு என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பூண்டு மலையில இருந்து எறங்கித்தான் சார் பாத்திருக்கேன். ஏறிப் பாத்ததில்ல." பேருந்தே திரும்பிப் பார்த்தது. எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் மலைக்குப் பூண்டு கொண்டுபோகத் தடை இல்லை. அதை வலியுறுத்தாமல் அமைதியாக இருந்தேன். அன்றைய பயிற்சிக்கு அது உதவியாக இருந்தது.

கவுஞ்சி போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேலுச்சாமி வாசலில் உட்கார்ந்து தண்ணீர்க் குழாயின் ஓட்டையை ரப்பர் சுற்றி அடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்தார். மூட்டையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"என்ன சம்மந்தி, ரயிலு போயிருச்சா?"

நான் வசந்தாவைப் பார்த்தேன். அவள் அமர்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, பஞ்சாமிர்தத்தையும் விபூதியையும் அவர் மனைவி கையில் கொடுத்து, எல்லாம் ஆன பிறகுதான் ஆரம்பித்தாள்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் திரும்பி வந்தோம். இந்தப் பூண்டை உரிச்சுத் தின்னு தீர்க்க மனசு வரலை. பேத்தி பேரைச் சொல்லி இந்த மலையில எங்களுக்கும் ஏதாவது விளையணும்னு ஆசையா இருக்கு. எங்களுக்கு ஏது நிலம்? உங்க காட்டுல ஊனிக் குடுங்க. வர்றதுல உங்களுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி."

வேலுச்சாமி மூட்டையைப் பார்த்தார். வசந்தாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் குழாயின் ஓட்டையைப் பார்த்தேன். இளைய மகன் வீட்டு அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது.

"கேட்டுட்டீங்க. இல்லைன்னு சொல்ல முடியுமா?" என்றார் கடைசியில். "ஆனா மண்ணு பதமாக் கெடக்குறது மேக்காடு ஒண்ணுதான். அத நான் சின்னவனுக்கு விட்டுட்டேன். அவுகளத்தான் கேக்கணும்." உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏலே சிவா. உம் பொண்டாட்டியவும் கூட்டிக்கிட்டு வா."

இருவரும் வந்து நின்றார்கள். வேலுச்சாமி விஷயத்தைச் சொன்னார். சிவாவின் முகம் விரிந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தான். முத்துலட்சுமி அவனை முந்திக்கொண்டாள்.

"பாதியெல்லாம் தர முடியாது மாமா. ஊனுறது, களை எடுக்குறது, தண்ணி கட்டுறது பூராம் நாங்கதான் பாக்கணும். நாலுல ஒரு பங்குன்னா சரி."

வேலுச்சாமி அதிர்ந்துபோனார். "ஏத்தா, சம்மந்திகிட்டப் போயிப் பேரம் பேசுற?"

"அவ சொல்றது நியாயம்தானே அண்ணா," என்றாள் வசந்தா. "நாலுல ஒண்ணே இருக்கட்டும்."

முத்துலட்சுமி சாக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்களை அன்றுதான் முதன்முதலில் பார்ப்பவள் போலத் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். முந்தைய நாள் தொலைபேசியில் குரலைத் தாழ்த்திப் பேசிய பெண் இவள்தான் என்று கோவிலில் சூடம் அணைத்துச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் எந்தத் துறையிலும் செயலாளர் ஆகியிருக்கலாம்.

அன்று இரவு மொச்சைக் குழம்பு. பிரமாதமாக இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் மேல்காட்டுக்குப் போனோம். மேகம் வயல் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஓரத்தில், காட்டுமாடு வராமலிருக்கப் பழைய சேலைகளைக் கட்டி வேலி போட்டிருந்தார்கள். பெண்கள் குனிந்தபடியே பேசிக்கொண்டும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டும், பார்க்காமலேயே பல் பல்லாக ஊன்றிக்கொண்டு போனார்கள். பங்குதாரர் என்ற முறையில் நானும் ஒரு வரிசை ஊன்றுவேன் என்றேன். முத்துலட்சுமி, நீங்கள் உட்காருங்கள் பெரியப்பா என்று பல முறை சொல்லிப் பார்த்தாள். நான் செருப்புக் காலுடன் இறங்கி, இரண்டு பக்கமும் குச்சி நட்டு, நூல் பிடித்து, அதன் அடியில் கோடு மாறாமல் ஊன்றினேன். ஊன்றியது கலைந்துவிடக் கூடாதே என்று நன்றாக அழுத்தியும் விட்டேன். பக்கத்து வரிசைப் பெண்கள் காட்டையே முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது நான் என் வரிசையை முடித்தேன். நிமிர முடியவில்லை. அதனால் அதே கோணத்தில் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் எங்களைப் பேருந்து ஏற்றிவிட வேலுச்சாமி வந்தார். இந்தத் தடவை கையில் மூட்டை இல்லை. அது அவரை உறுத்திக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. பேருந்து தாமதமாக வந்தது. வசந்தா நிழலில் உட்கார்ந்திருந்தாள். அவர் என்னை நான்கு எட்டு தள்ளி அழைத்துப் போனார்.

"மூணு நாளா எம் மருமக மொகத்தப் பாக்க முடியல சம்மந்தி," என்றார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கிறாதீங்க. இனிமே எங்க வீட்ல எதையும் நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க."

சாப்பாட்டையுமா என்று கேட்டேன்.

யோசித்தார். "சாப்பாட்டச் சொல்லலாம். அதான் எலையில போட்டாச்சுல்ல."

சென்னை எங்களை எந்த ஆரவாரமும் இல்லாமல் எடுத்துக்கொண்டது. அடுக்ககத்தில் தண்ணீர் மோட்டார் பழுது. லிஃப்டில் அறிவிப்பு. குடியிருப்போர் சங்கத்தின் கூட்டத்தில், வழக்கம்போல, கூட்டம் நடத்தும் முறை சரியில்லை என்று நான் சுட்டிக்காட்டினேன். எதிர் வீட்டுக்காரர் கோடையெல்லாம் எங்கே போனீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஏசி மெக்கானிக்கைப் பற்றிச் சொன்னார். இங்கே எதை வேண்டுமானாலும் பாராட்டலாம். யாரும் எதையும் தந்துவிட மாட்டார்கள். அதில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது. காலையில் நடை, டிகாக்‌ஷன் காப்பி, நாளிதழ் எல்லாம் தத்தம் இடத்தில் இருந்தன. ஒரே மாற்றம், செய்திகளில் வானிலை வரும்போது இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறோம். சென்னைக்கு மழை உண்டா என்பதைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. திண்டுக்கல் மாவட்ட மலைப்பகுதி என்று சொல்கிறார்களா என்று பார்க்கிறோம்.

ஒரு நாள் மதியம் முத்துலட்சுமி அழைத்தாள். வசந்தா கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்திருந்தாள். நான் எதிரே இருந்தேன்.

"வந்துருச்சு பெரியம்மா. காடு பூராம் பச்சையா வந்துருச்சு. நீங்க பாக்கணும்." சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வசந்தா கீரையைக் கீழே வைத்தாள். "ஒரே ஒரு வரிசைதான் வரல. பெரியப்பா ஊனினது. கெணறு தோண்டின மாதிரி ஆழத்துல வச்சு அமுக்கிருக்காரு. அழுகிருச்சு. மிச்ச வெத கொஞ்சம் வச்சிருந்தேன், அத மாத்தி ஊனிட்டேன். மாமா கேட்டாரு. காட்டுமாடு மிதிச்சிருச்சுன்னு சொல்லிட்டேன். பெரியப்பாகிட்டச் சொல்லிறாதீங்க, சங்கடப்படுவாரு."

வசந்தா என்னைப் பார்த்துக்கொண்டே, சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

நான் அன்று மாலை நடைக்குப் போனேன். நெடுங்கால சர்வீஸில் என் பிழையை இன்னொருவர் தலையில் கட்ட முன்வந்தவர்கள் இல்லை. பிறர் பிழையை என் தலையில் கட்டியவர்கள்தான் உண்டு. எனக்காக ஒரு காட்டுமாட்டையே தயார் செய்திருக்கிறாள் அந்தப் பெண். பூங்காவை வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினேன்.

மறுநாள் வேலுச்சாமி அழைத்தார். நலம் விசாரிப்பு முடிந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நம்ம காட்டுல மாடு எறங்கிருச்சு சம்மந்தி. ஒரே ஒரு வரிசைய மட்டும் மிதிச்சிட்டுப் போயிருக்கு. அங்கிட்டு இங்கிட்டு வெலகல. நூல் புடிச்ச மாதிரி. இம்புட்டு நேரா நடக்குற காட்டுமாட்ட நான் பாத்ததே இல்ல."

அப்படியா என்றேன்.

"பயிரச் சேதப்படுத்துனா வனத்துறைக்கு மனு போடலாமாம்ல. ஒங்களுக்குத் தெரியாத ரூலா? ஒரு மனு எழுதிக் குடுங்களேன்."

தெரியும். வனச்சரகருக்கு விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலர் சான்று, நில ஆவணம், சேதத்தின் புகைப்படம், எல்லாம் வரிசையாக என் மனதில் வந்து நின்றன. ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் ஒருவர் மனதார ஒரு மனு கேட்டது இதுவே முதல் முறை.

"வேண்டாம் சம்பந்தி," என்றேன். "மனு போட்டா தடம் பார்க்க ஆள் அனுப்புவாங்க."

"ஆமா, வேண்டாம்," என்றார் வேலுச்சாமி. "நானும் பாத்தேன். செருப்புப் போட்ட மாடு."